பாகூர்ப் பிள்ளைகளின் பல்: அன்று அச்சு, இன்று ஒளி

"விழப்போற பல்லுதானே, அதுக்கு எதுக்கு வைத்தியம்?" பாகூர்ப் பக்கத்து வீடுகளில் பாட்டிமார் சொல்லிவந்த பேச்சு இது. ஆடுகிற பால் பல்லை நூல் கட்டி இழுப்பார்கள். விழுந்த பல்லைச் சாணத்தில் உருட்டிக் கூரைமேல் எறிந்தால் புதுப்பல் நன்றாக முளைக்கும் என்று நம்பினார்கள். சொத்தை வலித்தால் கிராம்பு, அதற்கும் அடங்காவிட்டால் உப்புத் தண்ணீர். பல் டாக்டரிடம் போவது கடைசியில்தான். போனால் பிடுங்கிவிட்டு வருவார்கள்.

இதற்கு நம்பிக்கை ஒரு காரணம் என்றால் தூரம் இன்னொரு காரணம். இன்று கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவப் பட்டமேற்படிப்பு நிறுவனமாக இயங்கும் அரசுக் கல்லூரி 1990இல் தொடங்கியது. பாகூர், புதுச்சேரி நகருக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். கோரிமேடு நகரைத் தாண்டி அந்தப் பக்கம். நடவு நேரத்திலும் அறுப்பு நேரத்திலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் மாறிப் போக எல்லோராலும் முடியாது. 2007இல் கடலூர் சாலையில், பிள்ளையார்குப்பத்தில் இந்திரா காந்தி பல் மருத்துவ அறிவியல் நிறுவனம் வந்தபிறகு தூரம் குறைந்தது. பிள்ளையின் பயம் மட்டும் குறையவில்லை.

பால் பல் விழத்தான் போகிறது. ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் விழ 9 வயதிலிருந்து 12 வயது வரை ஆகும். அதுவரை கீழே வளரும் நிலைப் பல்லுக்கு அவை இடம் பிடித்து வைத்திருக்கின்றன. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் முதல் நிலைக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. பல அம்மாக்கள் அதையும் பால் பல் என்றே எண்ணுகிறார்கள். முன்னால் உள்ள பால் பல்லைச் சொத்தைக்காகச் சீக்கிரம் பிடுங்கிவிட்டால் இந்தப் பல் முன்பக்கம் சாய்ந்து வந்துவிடும். பின்னர் முளைக்க வேண்டிய பல் வழியில்லாமல் கோணிக்கொள்ளும். 2002–03இல் நடந்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 52 சதவீதம் பேருக்குச் சொத்தை இருந்தது. இரண்டில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம்.

பல் போன இடத்தைக் காக்க, பக்கத்துப் பல்லில் மாட்டும் சின்னக் கம்பி வளையம் உண்டு. அதைச் செய்ய வாயின் அளவு வேண்டும். அங்கேதான் பிள்ளையின் சோதனை தொடங்கும். இளஞ்சிவப்புப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, ட்ரேயில் நிரப்பி, வாய்க்குள் அழுத்தி, இறுகும்வரை பிடித்திருப்பார்கள். இரண்டு மூன்று நிமிடம்தான். தொண்டைப் பக்கம் குழம்பு வழிந்து குமட்டுகிற ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது முடிவில்லாத நேரம். "மூக்கால மூச்சு விடு கண்ணு, காலைத் தூக்கு, கட்டைவிரலை ஆட்டு" என்று டாக்டர் கவனத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார். பிள்ளை தலையை உதறினால் அச்சு கெடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தப் பொடியில் உள்ள ஆல்ஜினேட் கடற்பாசியிலிருந்து வருவது. அதற்கு முன் அச்செடுக்கப் பயன்பட்ட, ஜப்பானிலிருந்து வந்த அகர் என்ற பாசிப்பொருள் இரண்டாம் உலகப் போரில் நின்றுபோனபோது அதன் இடத்தைப் பிடித்தது. நம் ராமநாதபுரக் கரையில் பெண்கள் எடுக்கும் பாசிகளிலும் ஆல்ஜினேட்டுக்கு உரிய வகை இருக்கிறது. விலை மலிவு, கரண்ட் வேண்டாம், எந்த முகாமுக்கும் எடுத்துப் போகலாம். இத்தனை ஆண்டுகள் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவியது இதுதான். பெரும்பாலான இடங்களில் இன்றும் உதவுகிறது. ஆனால் அச்சு காற்றில் காய்ந்தால் சுருங்கும், ஈரத்தில் கிடந்தால் ஊதும். உடனே அதில் ஜிப்சம் மாவைக் குழைத்து ஊற்றிப் பல் மாதிரி எடுத்தாக வேண்டும். அந்த மாவுப் பற்கள் அலமாரியில் அடுக்கி, உடைந்து, எது யாருடையது என்று தெரியாமல் போவதும் உண்டு.

ஒளியால் அளவெடுக்கலாம் என்று 1973இல் லியோன் பல்கலைக்கழக ஆய்வேட்டில் எழுதியவர் பிரெஞ்சுப் பல் மருத்துவர் பிரான்சுவா துரே. 1985இல் சூரிச்சில் வெர்னர் மோர்மானும் மார்கோ பிராண்டெஸ்டினியும் உருவாக்கிய செரெக் கருவி முதல் நோயாளியின் பல்லை அப்படி அளந்தது. அந்தக் காலக் கருவிகளுக்குப் பல்லின்மேல் வெள்ளைப் பொடி தூவ வேண்டியிருந்தது. இன்றைய ஸ்கேனருக்குப் பொடி தேவையில்லை. கைப்பிடியுள்ள சிறு கருவியை வாய்க்குள் நகர்த்தினால், அது பாய்ச்சும் ஒளி பல்லில் பட்டுத் திரும்புவதைக் கேமரா பிடிக்கும். படங்களைக் கணினி ஒன்றோடொன்று தைத்து, பல்லையும் ஈறையும் முப்பரிமாணத்தில், நிறத்தோடு திரையில் வரையும். வெறும் ஒளி என்பதால் எக்ஸ்ரே கதிருக்கான அச்சம் தேவையில்லை.

நேரம் மிச்சமாகும் என்பதை இதன் முதல் நன்மையாகச் சொல்கிறார்கள். துறுதுறுவென்று அசையும் பிள்ளையிடம் அது எப்போதும் நடப்பதில்லை. இதன் உண்மையான நன்மை, நடுவில் நிறுத்தலாம் என்பதுதான். பிள்ளை கையை உயர்த்தினால் கருவியை வெளியே எடுத்து, எச்சில் துப்பவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வாய்க்குள் நடப்பதை நிறுத்தும் உரிமை முதன்முறையாகப் பிள்ளையின் கைக்கு வருகிறது. இரண்டு முறையையும் பிள்ளைகளிடமே கேட்டு ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில் அவர்கள் ஸ்கேனரையே விரும்பியிருக்கிறார்கள்.

பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்த சிசுவிடம் இந்த வேறுபாடு உயிர்ப்பிரச்சினை. பால் குடிக்க உதவும் தகட்டையும், அறுவைக்கு முன் பிளவை நெருக்கும் தகட்டையும் பிறந்த சில வாரங்களுக்குள் செய்ய வேண்டும். குழம்பு வைத்து அச்சு எடுக்கும்போது சிசுவை வெறும் வயிற்றோடு வைத்து, முகம் கீழே தாழப் பிடித்து, மூச்சுத் தடைபட்டால் சமாளிக்க எல்லாம் தயாராக வைத்திருப்பார்கள். ஒரு துணுக்கு பிய்ந்து பிளவில் மாட்டினால் ஆபத்து. ஒளிக்கருவியில் மாட்டிக்கொள்ள எதுவும் இல்லை.

இன்னொரு மாற்றம் அம்மாவிடம் நிகழ்கிறது. கண்ணாடியில் டாக்டர் மட்டும் பார்த்த சொத்தை இப்போது திரையில் உள்ளங்கை அகலம் தெரிகிறது. "இது விழாத பல்லும்மா, ஆறு வயசுல வந்தது" என்று காட்டிச் சொல்லும்போது, எத்தனை துண்டறிக்கை கொடுத்தும் அசையாத பழைய பேச்சு அசையத் தொடங்கும். ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டால், பல் சாய்கிறதா என்று அம்மாவே பார்த்துக்கொள்ளலாம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஸ்கேனர் பார்ப்பது மேற்பரப்பை. வேரடியில் கட்டிய சீழுக்கு எக்ஸ்ரே தேவை. சிறு வாயில் கடைசிப் பல்லுக்குப் பின்னால் கருவியின் முனை எட்டாமல் போகலாம். எச்சில் தேங்கினால் படம் பிசகும். ஒவ்வொரு பிள்ளைக்கும் முனையைக் கிருமிநீக்கம் செய்தாக வேண்டும். விலையோ பல லட்சம். நகரத்துத் தனியார் கிளினிக்குகளில் பல்வரிசை திருத்தவும் கிரீடம் போடவும் அது பயன்படுவதில் வியப்பில்லை.

ஆனால் அது அதிகம் பயன்பட வேண்டிய இடம் பாகூர் போன்ற ஊர்தான். நகரத்துப் பிள்ளை பயந்து அழுதால் அடுத்த வாரம் மறுபடி வரும். கூலியை விட்டுவிட்டு வந்த அம்மாவின் பிள்ளைக்கு அந்த அடுத்த வாரம் கிடைப்பதில்லை. ஸ்கேன் கோப்போ பஸ் ஏறாமலே கோரிமேட்டுக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் போகும். கம்பி வளையம் தயாரானபின் பிள்ளை ஒருமுறை போனால் போதும்.

ஃப்ளூரைடு பேஸ்ட்டும், இரவில் பல் தேய்த்துவிடும் கையும், புதுக் கடைவாய்ப் பல்லின் குழிகளை அடைக்கும் பூச்சும் எப்போதும் முதலில் வரவேண்டியவை. அவற்றோடு, கல்லூரிகள் நடத்தும் பள்ளி முகாமுக்கு ஒரு ஸ்கேனரும் வரட்டும். ஒன்றாம் வகுப்பில் எடுத்த படம் ஐந்தாம் வகுப்பு வரை அந்தப் பிள்ளையின் பெயரில் தொடரட்டும். புதுச்சேரி போன்ற சிறிய பிரதேசத்தில் இது செய்யக்கூடிய காரியம். அரசும் கல்லூரிகளும் சேர்ந்து பாகூர் கொம்யூனில் ஒரு பள்ளியிலிருந்து தொடங்கலாம்.