திருப்பிப் போட்டும் நுழையலையா?

ஏற்காடு டூர். 20 கொண்டை ஊசி வளைவிலும் தலைசுற்ற எடுத்த போட்டோக்களை கம்ப்யூட்டரில் ஏற்றப் பென்டிரைவைச் செருகுகிறீர்கள். போகாது. திருப்பினால்... ஊஹூம். மறுபடி பழையபடி செருகினால் சமர்த்தாகப் போய்விடும்! அப்போது நீங்கள் திட்டியது யாரை தெரியுமா? நம்ம நாட்டுக்காரர்தான் பாஸ்... இந்தியாவில் பிறந்த இன்டெல் இன்ஜினீயர் அஜய் பட்.

அப்போதெல்லாம் மவுஸுக்கு ஒரு துளை, பிரிண்டருக்கு வேறு துளை. மகளின் ஸ்கூல் வேலையைப் பிரிண்ட் எடுக்க வீட்டில் மனைவி பட்ட பாடுதான் அஜய்யை யோசிக்க வைத்தது. ஏழு கம்பெனிகள் கைகோக்க, 1996 ஜனவரியில் பிறந்தது யு.எஸ்.பி.

எப்படிச் செருகினாலும் போகிற மாதிரி அன்றைக்கே செய்திருக்கலாமே? செய்தால் வயரும் சர்க்யூட்டும் இரட்டிப்பு, விலையும் எகிறும். அதனால் விட்டுவிட்டார்கள். 2014-ல் டைப்-சி வந்துதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

2013-ல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது கொடுத்தார்கள். காசு? இன்டெல் ராயல்டியே கேட்கவில்லை. அஜய்க்கும் இதில் பைசா கிடையாது!