‘நில்’ என்றொரு ஊர்!

குட்டீஸ்... உலக வரைபடத்தில் ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். தென்கிழக்கில் மெல்போர்ன் நகரம் இருக்கும். அதற்கு மேற்கே அடிலெய்டு இருக்கும். இரண்டையும் இணைக்கும் நெடுஞ்சாலையில், ஏறக்குறைய நடுவழியில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அதன் பெயர் என்ன தெரியுமா? நில்!

‘ஓடாதே, நில்’ என்று சொல்கிறோமே, அதே உச்சரிப்புதான்!

சுற்றிலும் கோதுமை வயல்கள். சுமார் 2 ஆயிரம் மக்கள். ஊருக்குப் பெயர்தான் ‘நில்’. ஆனால், அங்கே யாரும் நிற்கவில்லை. படிப்புக்கும் வேலைக்கும் இளைஞர்கள் பெரிய நகரங்களுக்குப் போய்க்கொண்டே இருந்தனர்.

அந்த ஊரில் ‘லவ்-எ-டக்’ என்ற வாத்து இறைச்சி நிறுவனம் இருந்தது. ஆர்டர்கள் கூடின, வேலைக்கு ஆள்தான் கிடைக்கவில்லை. நிறுவனத்தின் பொது மேலாளராக இருந்த ஜான் மில்லிங்டனும், அவர் மனைவி மார்கரெட்டும் யோசித்தனர்.

வீடு இழந்தவர்கள்

அதே சமயம், மெல்போர்னின் புறநகரான வெரிபீயில், வேலை தேடிக்கொண்டிருந்தனர் கரென் இன மக்கள். இவர்களின் பூர்வீகம் மியான்மர். அங்கே 1949ல் தொடங்கிய உள்நாட்டுச் சண்டை, பல பத்தாண்டுகள் நீடித்தது. கிராமங்கள் எரிந்தன. உயிர் பிழைக்க, காடும் மலையும் கடந்து தாய்லாந்து எல்லைக்கு ஓடினர்.

அங்கே முகாம்களில் மூங்கில் குடிசைகள்தான் வீடு. அனுமதி இல்லாமல் வெளியே போக முடியாது. முகாமிலேயே பிறந்து, அங்கேயே வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. அவர்களில் ஒரு பகுதியினரை ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்டது.

நல்ல வேலைக்காக ஊர் மாறுபவரைப் புலம்பெயர்ந்தவர் என்கிறோம். அவர் நினைத்தால் சொந்த ஊருக்குத் திரும்பலாம். அகதியால் அப்படித் திரும்ப முடியாது. திரும்பினால் உயிருக்கே ஆபத்து. இதுதான் வித்தியாசம்.

முதலில் ஊரைப் பாருங்கள்!

‘வேலை இருக்கிறது, வாருங்கள்’ என்று மட்டும் சொல்லி, மில்லிங்டன் தம்பதி நிறுத்திக்கொள்ளவில்லை. கரென் குடும்பங்களை அழைத்து வந்து, ஊரைச் சுற்றிக் காட்டினர். பிடித்திருந்தால் மட்டும் வரலாம் என்பது ஏற்பாடு. உள்ளூர் மக்களிடமும் முன்கூட்டியே பேசி, ‘வரப்போகிறவர்கள் யார், என்ன துன்பப்பட்டவர்கள்’ என்று எடுத்துச் சொன்னார்கள்.

2010ல் முதல் குடும்பங்கள் வந்தன. பசுமையான மலைகளில் வாழ்ந்தவர்களுக்கு, மரம் குறைந்த அந்தச் சமவெளி புதிது. பஸ் வசதி குறைவு. கார் ஓட்டத் தெரியாவிட்டால் கஷ்டம். அதனால், ஊர்க்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தனர். ஊரில் இருந்த கல்வி மையம் ஆங்கில வகுப்புகள் நடத்தியது. டாக்டரிடம் போவது, பள்ளியில் சேர்ப்பது என்று எல்லாவற்றுக்கும் துணை நின்றனர்.

குடும்பப் பெயர் எங்கே?

இன்னொரு சங்கடம் கேளுங்கள். கரென் மக்களுக்கு வழக்கமாகக் குடும்பப் பெயரே கிடையாது. பெண்ணின் பெயருக்கு முன்னால் ‘நோ’, ஆணின் பெயருக்கு முன்னால் ‘சோ’ என்ற மரியாதைச் சொல் வரும். ஆஸ்திரேலியப் படிவங்களோ, ‘முதல் பெயர் என்ன, குடும்பப் பெயர் என்ன’ என்று கேட்கும். அவர்கள் எதை எங்கே எழுதுவது? நம் ஊர் இனிஷியலை இப்படிப்பட்ட படிவத்தில் எழுதப் பார்த்தவர்களுக்கு, இந்தக் குழப்பம் நன்றாகப் புரியும்!

எல்லாமே சுலபமாக நடக்கவில்லை. சின்ன ஊரில் வாடகை வீடுகள் போதவில்லை. வீடு கிடைக்கும் வேகத்தில்தான் குடும்பங்கள் வர முடிந்தது.

யாருக்கு லாபம்?

ஐந்தே ஆண்டுகளில், 150க்கும் மேற்பட்ட கரென் மக்கள் அங்கே குடியேறிவிட்டனர். அதனால் என்ன பயன் என்று, 2015ல் ஓர் ஆய்வறிக்கை கணக்குப் போட்டது. அந்த வட்டாரப் பொருளாதாரத்துக்குக் கிடைத்த பலன், நான்கு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல்! 70 வேலைகளும் கூடின. எப்படி? நிறுவனம் வளர்ந்தது. சம்பளம் வாங்கியவர்கள் உள்ளூர்க் கடைகளில் செலவு செய்தனர். புதிதாக வந்த பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள்.

உதவி செய்யப் போன ஊருக்கே உதவி கிடைத்துவிட்டது!

குட்டீஸ்... உங்கள் வகுப்பிலும், வேறு ஊரிலிருந்து, வேறு மொழி பேசும் ஒரு பிள்ளை புதிதாக வந்து சேரலாம். அந்த முதல் நாள், மதிய இடைவேளையில், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று தெரியாமல், டிபன் பாக்சோடு தயங்கி நிற்கும்.

நீங்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். அதன் பெயரைக் கேட்டு, சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதன் மொழியில் ‘தண்ணீர்’ என்பதற்கு என்ன சொல் என்று கேளுங்கள். நீங்கள் தமிழ்ச் சொல்லைச் சொல்லிக் கொடுங்கள்.

நில் ஊர்க்காரர்கள் செய்ததும் இதுதானே!