கடைசியில் வந்தாலும் காலியாகாத இடம்

இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டியை நடத்துவதற்கான 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ஆம் தேதியோடு முடிந்தது. இதையொட்டிப் பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. பெரும்பாலோருக்குச் சென்னையின் எஃப்.சி. மீதுதான் கோபம். 13 அணிகளில் 11-ஆவதாக முடித்த அணி எப்படி அதே முதல் பிரிவில் நீடிக்கிறது? அடுத்து கீழே இறக்குவார்களா? ஒப்பந்தம் போனால் அணியும் போய்விடுமா? இந்தக் கேள்விகளில் முதலாவதுக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பதிலில் தோல்வியை விடச் சிக்கலான ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது.

2024-25 சீசனின் கணக்கு இது: 24 ஆட்டங்கள், 7 வெற்றி, 6 டிரா, 11 தோல்வி, 27 புள்ளிகள். பிளே-ஆஃப் சுற்றுக்குக் கடைசியாக நுழைந்த மும்பை சிட்டி 36 புள்ளிகள் எடுத்திருந்தது. தொடக்கம் மோசம் என்று சொல்ல முடியாது. புவனேஸ்வரில் ஒடிசாவை 3-2 என்று வென்று கணக்கைத் தொடங்கிய அணி, நவம்பரில் ஜாம்ஷெட்பூருக்குப் போய் 5-1 என்று அடித்துவிட்டு வந்தது. அதே அணிதான் இரண்டுக்கும் நடுவே, முதல் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த முகமதன் ஸ்போர்ட்டிங்கிடம் சென்னையிலேயே 0-1 என்று தோற்றது. அந்த முகமதன் சீசன் முடிவில் 13 புள்ளிகளோடு கடைசி இடத்தில் நின்றது. பயிற்சியாளர் ஓவன் கோய்ல் பின்னர் விலகினார். பயிற்சியாளர் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு, அணியின் கடந்த சில ஆண்டு வரலாறு இடம் கொடுக்கவில்லை. 2020-21-இல் எட்டாம் இடம், 2021-22-இல் எட்டாம் இடம், 2022-23-இலும் எட்டாம் இடம். பிறகு ஒரு முறை ஆறாம் இடம், அடுத்து இந்தப் பதினொன்று. 2015-இலும் 2017-18-இலும் கோப்பை வென்ற அணி இது என்பதை நினைத்தால் சரிவு புரியும்.

இத்தனைக்கும் பிறகு எதையும் இழக்காமல் இருக்க முடிவது எப்படி? ஊர் மைதானத்தில் நடக்கும் கோடைக்கால டோர்னமென்டில் நுழைவுக் கட்டணம் கட்டினால் ஆடலாம், தோற்றால் வெளியே. 2024-25 வரை சூப்பர் லீக்கில் கட்டணம் கட்டினால் ஆடலாம், தோற்றாலும் அடுத்த ஆண்டு ஆடலாம் என்றுதான் இருந்தது. 2014-இல் லீக் தொடங்கியபோதே அணிகளுக்கு விற்கப்பட்டது இந்த இடம்தான். ஆட்டத்தில் வென்று இந்த இடத்தைப் பிடிக்க முடியாது, தோற்று இழக்கவும் முடியாது என்பதே அன்றைய ஏற்பாடு. இதை ‘தொழில்முறை அமைப்பு’ என்றே நிர்வாகிகள் பல ஆண்டுகள் வர்ணித்தார்கள். விலை கொடுத்து வாங்கிய இருக்கைக்கு ஆட்டத்தின் முடிவு வாடகை கேட்காது என்பதே அதன் பச்சையான பொருள்.

இது ஏட்டளவில் எப்படித் தெரிந்தாலும், நடைமுறையில் என்ன செய்கிறது என்பதைப் பார்க்கத் தமிழ்நாட்டை விட நல்ல இடம் இல்லை. 2018-19 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய ஆண்டு சாம்பியனான சென்னையின், 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 9 புள்ளிகள் என்று பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தது. அதே மாதங்களில் கோயம்புத்தூர் நேரு மைதானத்தைச் சொந்தத் திடலாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப்.சி., நாட்டின் இன்னொரு கால்பந்து லீக்கான ஐ-லீக்கை வென்றது. 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்துப் பட்டத்தைக் கைப்பற்றியபோது அதற்கு 43 புள்ளிகள். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர், ஸ்பெயின்காரர் பெட்ரோ மான்சி 21 கோல். உலகின் பெரும்பாலான கால்பந்து நாடுகளில் இதற்கு அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இங்கே ஒன்றும் நடக்கவில்லை. பத்தாவது வந்தவர்கள் சூப்பர் லீக்கில் தொடர்ந்தார்கள், முதலாவது வந்தவர்கள் ஐ-லீக்கிலேயே நின்றார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒரு திருப்பம் உண்டு. 2018-19-இல் ஐ-லீக் இரண்டாம் நிலைப் போட்டி அல்ல. அப்போது ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் (ஏ.எஃப்.சி.) ஏற்பாட்டில் இரண்டு லீக்குகளும் அருகருகே நடந்தன. ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றுக்கான வாய்ப்பு ஐ-லீக் சாம்பியனுக்கும், அதற்கு அடுத்த நிலையான ஏ.எஃப்.சி. கோப்பைக்கான வாய்ப்பு சூப்பர் லீக் சாம்பியனுக்கும் என்பதுதான் ஏற்பாடு. ஆகக் கோயம்புத்தூரில் வென்றது நாட்டின் தேசிய லீக். அதே 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் அந்தக் கூட்டமைப்பு கோலாலம்பூரில் கூட்டிய கூட்டத்தில் எடுத்த முடிவின்படி சூப்பர் லீக் முதல் நிலை ஆனது, ஐ-லீக் அதற்குக் கீழே போனது. அந்த ஆண்டு ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் போகத்தான் செய்தார்கள். கீழே இறக்கப்பட்டது கடைசி இடத்தில் வந்தவர் அல்ல, முதலிடத்தில் வந்தவர். அதைச் செய்தது மைதானம் அல்ல, கூட்ட அறை.

பிறகு என்ன ஆயிற்று? அணி ஏற முடியாத படியில் ஆட்டக்காரர்கள் தனித்தனியாக ஏறினார்கள். தமிழக நடுக்கள வீரர் எட்வின் சிட்னி வான்ஸ்பால், பட்டம் வென்ற சென்னை சிட்டியிலிருந்து, கடைசி இடத்தில் வந்த சென்னையினுக்கு 2019-இல் மாறினார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல சம்பளமும் தொலைக்காட்சி வெளிச்சமும் இருக்கும் இடத்துக்கு ஆட்டக்காரர் போவது இயல்பு. மான்சி ஜப்பானுக்குப் போனார். சில ஆண்டுகளில் சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லாமல் போனது. அதன் வீழ்ச்சிக்கு உரிமம், நிர்வாகம் என்று வேறு காரணங்களும் இருந்தன. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் வென்றாலும் மேலே போக வழியில்லாத அணிக்கு எந்த முதலீட்டாளர் எதை நம்பிப் பணம் போடுவார் என்று கேட்டுப் பார்க்கலாம்.

கோலாலம்பூர் முடிவில் ‘வழித்தடம்’ என்று ஒன்று அறிவிக்கப்பட்டது. 2022-23, 2023-24 ஆகிய இரண்டு சீசன்களில் ஐ-லீக் சாம்பியன் கட்டணமில்லாமல் மேலே வரலாம், 2024-25 முதல் மேலேற்றம், கீழிறக்கம் இரண்டும் முழுமையாக நடக்கும். இதில் முதல் பாதி நடந்தது. பஞ்சாப் வந்தது, பிறகு முகமதன் வந்தது. இரண்டாம் பாதி நடக்கவில்லை. அதே முகமதன் 2024-25-இல் கடைசியாக முடித்தும் இறங்கவில்லை. அறிவிப்பை உற்றுப் படித்தால் காரணம் தெரியும்: இரண்டாம் பாதி ‘பரிந்துரை’ என்ற சொல்லுக்குள் வைக்கப்பட்டிருந்தது. நிர்வாகங்கள் செய்ய விரும்புவதற்குத் தேதி குறிப்பார்கள், விரும்பாததற்குப் பரிந்துரை செய்வார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இதே விதி எல்லா அணிக்கும்தானே, அப்புறம் மோகன் பகான் 56 புள்ளியும் கோவா 48 புள்ளியும் எடுத்தது எப்படி? கதவு பூட்டியிருப்பதால் எல்லோரும் மோசமாக ஆடுவார்கள் என்பது என் வாதம் அல்ல. மேலே இருப்பவர்களுக்குக் கோப்பை என்ற தூண்டுதல் போதும். பாதிப்பு அட்டவணையின் கீழ்ப் பாதியில்தான். 2024-25 சீசனில் எட்டாம் இடத்துக்கு 29, ஒன்பதுக்கும் பத்துக்கும் 28, பதினொன்றுக்கு 27. நான்கு அணிகள் இரண்டே புள்ளி வித்தியாசத்தில் நெருக்கியடித்து நின்றன. வேறொரு நாட்டில் இப்படி ஒரு நெருக்கடி என்றால் கடைசி மாத ஆட்டங்களுக்கு டிக்கெட் கிடைக்காது. இங்கே அந்த நால்வருக்கும் பிளே-ஆஃபுக்கான ஆறாம் இடம் எட்டாது என்று தெரிந்த நாளிலேயே சீசன் முடிந்துவிட்டது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: கடைசி இரண்டு அணிகள் இறங்க வேண்டும் என்று விதி இருந்திருந்தாலும் சென்னையின் தப்பித்திருக்கும். ஐதராபாத் 18 புள்ளியோடு அதற்குக் கீழே இருந்தது. ஆனால் தப்பிக்கப் போராடிய அணியும், போராடவே தேவையில்லாத அணியும் ஒன்றாகிவிடாது. மூன்று முறை தொடர்ந்து எட்டாம் இடத்தில் வந்தும் எதுவும் நிகழாத அணிக்கு எட்டாம் இடம் தோல்வியாகவே தோன்றாது.

அடுத்து ஐ.பி.எல். சென்னை சூப்பர் கிங்ஸ் 2025-இல் கடைசி இடத்தில்தானே வந்தது, அவர்களை யாரும் இறக்கவில்லையே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் ஐ.பி.எல்.லில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பெரிய ஏலம் நடந்து அணிகள் ஏறக்குறைய புதிதாகப் பிறக்கின்றன. அமெரிக்காவின் மூடிய லீக்குகளில் கடைசியாக வந்தவருக்குப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை கிடைக்கும். பூட்டிய கதவுக்கு ஈடாக உள்ளே சமன்செய்யும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. சூப்பர் லீக் தொடக்க ஆண்டுகளில் இருந்த வீரர் தேர்வு முறையைக் கைவிட்டுவிட்டு, பூட்டை மட்டும் வைத்துக்கொண்டது. அதோடு ஐ.பி.எல்.லுக்குக் கீழே ஏறத் துடிக்கும் கிளப்புகளின் படிவரிசை இல்லை. கால்பந்துக்கு இருக்கிறது.

கனமான மறுப்பு பணம் பற்றியது. ஆண்டுதோறும் நஷ்டம் பார்க்கும் உரிமையாளரிடம், தோற்றால் இடமும் போகும் என்று சொன்னால் யார் வருவார்? பாதுகாப்புக் கொடுத்ததால்தான் லீக் இத்தனை நாள் நின்றது என்கிறார்கள். இதற்குப் பதில் 2025-இன் சில மாதங்களே சொல்லிவிட்டன. 2010 டிசம்பரில் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் என்று அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஐ.எம்.ஜி-ரிலையன்ஸுடன் போட்ட ஒப்பந்தம், பின்னர் எஃப்.எஸ்.டி.எல். என்ற நிறுவனத்தின் கையில் இருந்தது. புதுப்பித்தல் தெளிவாகவில்லை என்று சொல்லி அந்த நிறுவனம் 2025 ஜூலை 11 அன்று சீசனை நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் சென்னையின் தன் செயல்பாடுகளையே நிறுத்தியது. எந்தக் கீழிறக்கமும் இல்லாமல், முழுப் பாதுகாப்போடு 11 சீசன் ஆடிய பிறகுதான் இந்த நிலை. தோல்வியிலிருந்து காப்பாற்றிய ஏற்பாடு நஷ்டத்திலிருந்து யாரையும் காப்பாற்றவில்லை.

செப்டம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்த சம்மேளனத்தின் புதிய சட்டவிதிகள், முதல் நிலை லீக்கில் மேலேற்றமும் கீழிறக்கமும் இருக்க வேண்டும் என்கின்றன. அதன் பிறகு லீக்கை நடத்தும் உரிமைக்காக விடப்பட்ட டெண்டரில் ஆண்டுக்கு 37.5 கோடி ரூபாயோ மொத்த வருமானத்தில் 5 சதவீதமோ, எது அதிகமோ அதைத் தர வேண்டும் என்று கேட்டார்கள். சந்தேகம் கேட்க வந்தவர்கள் உண்டு, நவம்பர் 7 வரை விலை கோரியவர் ஒருவரும் இல்லை. கீழிறக்கம்தான் பயமுறுத்தியது என்று சிலர் உடனே முடிவு கட்டினார்கள். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கட்டுப்பாடு சம்மேளனத்திடம், செலவும் உத்தரவாதத் தொகையும் உங்களிடம் என்று நீட்டப்பட்ட தாளில் கையெழுத்துப் போடாததற்குக் கீழிறக்கத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஒப்பந்தம் முடிந்ததால் சென்னையின் கலைந்துவிடுமா? முடிந்தது லீக்கை நடத்தும் உரிமை, அணியின் உரிமை அல்ல.

11-ஆம் இடத்துக்காகக் கீழே இறக்குவார்களா? இறக்கவில்லை.

2024-25 ஐ-லீக் சாம்பியன் யார்? சர்ச்சில் பிரதர்ஸ் என்று சம்மேளனம் அறிவித்தது, இன்டர் காசி என்று 2025 ஜூலையில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் தீர்த்தது.

திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு கிளப் தொடங்கி மேலே வர முடியுமா? 2025 நிலவரப்படி தாளில் முடியும்: மாநில லீக், ஐ-லீக் 3, ஐ-லீக் 2, ஐ-லீக், பிறகு சூப்பர் லீக், ஒரு முறைகூடத் தவறாமல் வென்றால் ஐந்தாம் ஆண்டு.

2025-இல் சீசன் நிறுத்திவைக்கப்பட்ட பிறகு சென்னையின் ஆடவே இல்லையா? ஆடியது. கோவாவில் நடந்த சூப்பர் கோப்பையில் மோகன் பகானிடம் 0-2, ஈஸ்ட் பெங்காலிடம் 0-4, டெம்போவுடன் டிரா.