மாசம் ரெண்டு ரூபாய் சந்தா

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறையில் ஒரு சாயாக்கடை பெஞ்சு. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அக்கா மகன் சனிக்கிழமை ஊருக்கு வந்திருந்தான். கிளாஸைக் கையில் வாங்கியதுமே கேட்டான்: "ஏனுங் மாமா, நம்ம பக்கத்து டவுன் பசங்களுக்கு ஏதாச்சும் செய்யோணும்னு ரொம்ப நாளா நெனப்பு. மாசம் ஆயிரம் ரூபா என்னால ஒதுக்க முடியும். 80ஜி இருக்கற டிரஸ்ட் ஒண்ணு சொல்லுங்க."

அவன் மனசு நல்ல மனசு. ஆனால் கேள்வியின் கடைசி வரி அவனைத் தப்பான வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போகும். அதனால் அங்கிருந்தே ஆரம்பித்தேன்.

80ஜி என்பது 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் வந்த சலுகை. இதற்கான பதிவு பெற்ற அமைப்புக்கு நூறு ரூபாய் கொடுத்தால், பெரும்பாலும் ஐம்பது ரூபாயை வரி போடும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகைக்குக் கழிவு இல்லை. "சரி, நீ எந்த வரி முறையில இருக்கற? பழசா, புதுசா?" என்று கேட்டேன். புதுசு என்றான். புதிய வரி முறையில் நன்கொடைக்கு இந்தக் கழிவே கிடையாது. அப்படியென்றால் 80ஜி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவன் பையில் ஒரு ரூபாய்கூட மாறாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதாலேயே அவன் கொடுக்க நினைத்த மிகச் சின்ன அமைப்புகள் எல்லாம் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். சம்பளக்காரப் பிள்ளைகள் பலர் இப்போது புதிய முறையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் பழக்கத்தில் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம்.

"அது இல்லாட்டி நம்பறது எப்படிங் மாமா?" என்றான். நியாயமான கேள்வி. அதற்கு வருவதற்கு முன்னால், அந்தப் பதிவை வைத்துக் காப்பாற்ற ஒரு சின்ன அமைப்பு என்ன பாடுபடுகிறது என்று சொன்னேன். கிடைத்த பதிவு நிரந்தரம் இல்லை; காலக்கெடுவுக்குள் புதுப்பிக்க வேண்டும். வருஷா வருஷம் யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று 10பிடி படிவத்தை மே 31-க்குள் வருமான வரித் துறைக்கு அனுப்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். பெரிய அமைப்புக்கு இதற்கென்று ஒரு அலுவலகமே இருக்கும். நம்மூரில் ஐந்து பையன்கள் சேர்ந்து, வாடகை அறையில் கேரம் போர்டும் நாலு நாளிதழும் ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வகுப்பும் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள். இரண்டு மாசம் மறந்தால் பன்னிரண்டாயிரம் ரூபாய். அதோடு அவர்கள் கதை முடிந்தது.

கம்பெனிப் பணம்? 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, பெரிய கம்பெனிகள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நானும் அதைத்தான் நினைப்பேன். ஆனால் அந்தப் பணத்தை வாங்கும் வெளி அமைப்புக்கு 12ஏ என்ற வரிவிலக்குப் பதிவும் 80ஜி-யும் வேண்டும், மூன்று வருஷ வேலைச் சான்று வேண்டும், 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 என்ற பதிவும் வேண்டும். வெளிநாட்டுப் பணம் அதைவிடத் தூரம். மூன்று வருஷத்தில் பதினைந்து லட்சம் செலவு செய்து காட்டிய அமைப்புக்குத்தான் அதை வாங்க வழக்கமான பதிவு. முன்பு பெரிய அமைப்பு வாங்கிச் சின்னதுகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். 2020-இல் வந்த திருத்தம் அதையும் நிறுத்திவிட்டது. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்கத்தான் இந்த விதிகள் என்பது எனக்கும் புரிகிறது. ஆனாலும் வாசற்படி உயர உயர, குட்டையானவர்கள்தான் வெளியே நிற்கிறார்கள்.

இரண்டாவது சாயா வந்தது. "இப்ப நம்பிக்கையைப் பத்திச் சொல்றேன். இதே மாதிரி ஒரு சாயாக்கடை, இடுக்கியில" என்று ஆரம்பித்தேன்.

இடமலைக்குடி, மூணாறிலிருந்து காட்டுக்குள் போனால் வரும் முதுவர் குடிகளின் ஊர். 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக ஆனது. அங்கே இருப்புக்கல்லுக்குடியில் பி.வி. சின்னத்தம்பி என்ற பெரியவர் ஒரு சாயாக்கடை நடத்தினார். தீப்பெட்டி, பிஸ்கட், சாயா. அதோடு ஒரு நூலகம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் காட்டு வழியே நடந்து போய்ப் பார்த்து எழுதியதால் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. கோணிப்பைகளில் வைத்த 160 புத்தகங்கள். பஷீரும் எம்.டி.யும் மாதவிக்குட்டியும் இருந்தார்கள். மலையாளத்தில் சிலப்பதிகாரமும் இருந்தது. மதுரையை விட்டு, தங்கள் தெய்வத்தை முதுகில் சுமந்து மலையேறி வந்ததாகத்தான் முதுவர்களின் மரபுக் கதை சொல்கிறது. அந்தக் குடியில் கண்ணகி கதை கோணிப்பைக்குள் இருந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கும்.

சேர்க்கைக் கட்டணம் ஒரே தடவை 25 ரூபாய், சந்தா மாசம் 2 ரூபாய். புத்தகம் எடுக்கத் தனிக் காசு இல்லை. உறுப்பினருக்குப் பால் விடாத கட்டஞ்சாயா சும்மா. பெரியவர் பதிவேடு வைத்திருந்தார். யார் எந்தப் புத்தகத்தை என்றைக்கு எடுத்தார், என்றைக்குக் கொடுத்தார் என்று ஒழுங்காக எழுதியிருந்தார். 2013-இல் 37 தடவை புத்தகம் வெளியே போயிருந்தது.

"அது காடு. நாம பேசறது டவுன் பசங்களைப் பத்தி" என்று நீ சொல்லலாம். ஆனால் நம்பிக்கைக்கு நான் பார்ப்பது அந்தப் பதிவேட்டைத்தான். பாலக்காட்டு டவுனோ சித்தூரோ மூணாறோ, வாயனசாலை என்று இங்கே சொல்லும் ஊர் வாசகசாலைக்கோ கிளப்புக்கோ போனால் மினிட்ஸ் புத்தகம், ரசீதுக் கட்டு, வருகைப் பதிவேடு மூன்றையும் காட்டச் சொல். முகம் சுளிக்காமல் எடுத்து வைத்தால் அங்கே உட்கார். பளபளப்பான அட்டையோடு ஆண்டறிக்கை கிடையாது என்பது குறையே இல்லை.

இந்தப் பதிவேட்டுப் பழக்கம் தற்செயலாக வந்ததில்லை; அதன் பின்னால் ஒரு நூலக இயக்கம் இருக்கிறது. பி.என். பணிக்கர் என்ற பள்ளி ஆசிரியர், 1945-இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தைத் தொடங்கினார். ஊர் ஊராக நடந்து, இருக்கிற சின்ன வாசகசாலைகளை ஒன்றோடொன்று கோத்தார். 1975-இல் அந்தச் சங்கத்துக்கு யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது கிடைத்தது. அவர் இறந்த ஜூன் 19-ஐத்தான் கேரளத்துப் பள்ளிகள் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகின்றன.

எனக்கு அவர் காலத்துக்குப் பின் வந்த ஏற்பாடு இன்னும் முக்கியம். 1989-இல் வந்த கேரளப் பொது நூலகச் சட்டம், கட்டட வரியோடு ஐந்து விழுக்காடு நூலக வரியும் வாங்கச் சொன்னது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார், இருக்கும். அந்தப் பணம் நூலகக் கவுன்சில் வழியாக ஆயிரக்கணக்கான வாயனசாலைகளுக்கு மானியமாகப் போகிறது. தமிழ்நாட்டிலும் 1948-ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி நூலக வரி உண்டு. இப்போது சொத்து வரியில் பத்து விழுக்காடு. ஆனால் அங்கே அந்தப் பணத்தில் நடப்பது அரசு நூலகம். இங்கே நூலகத்தை நடத்துவது ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த கமிட்டி. அரசு தோள் கொடுக்கிறது. சின்ன அமைப்பை அதன் சொந்தக்காரர்களிடமிருந்து பிடுங்காமல் தாங்குவதற்கு, எனக்குத் தெரிந்து நம் பக்கத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. தரம் பிரித்து, வருஷா வருஷம் சோதித்து, அதற்கேற்ப மானியம். தொகை பெரியதல்ல. வருஷா வருஷம் வருகிறது என்பதில்தான் அதன் பலம்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் சங்கத்தைப் பதியப் போகும் நம்மூர்ப் பையன்கள் பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள். பாலக்காடு பழைய மலபார், அதாவது சென்னை மாகாணம். அங்கே சங்கம் பதிவது 1860-ஆம் ஆண்டுச் சட்டப்படி. இடுக்கி பழைய திருவிதாங்கூர். அங்கே 1955-ஆம் ஆண்டு திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டம். சித்தூர் மட்டும் பாலக்காடு மாவட்டத்துக்குள் இருந்தாலும் ஒரு காலத்தில் கொச்சி ராஜ்யம். அதனால் பாலக்காட்டு நண்பன் கொடுத்த விதிமுறைத் தாளை அப்படியே நகலெடுக்காமல் முதலில் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தச் சட்டமானாலும் வருஷம் ஒரு பொதுக்குழு, நிர்வாகிகள் பட்டியல், கணக்கு என்று தாக்கல் செய்தாக வேண்டும்.

"அப்ப என் ஆயிரம் ரூபாய்க்கு வாயனசாலையில என்ன வேலை?"

நல்ல காரியங்களுக்குக் காசு கொடுக்கிறவர்கள் எல்லாரும் கண்ணுக்குத் தெரிகிற பொருளாகத்தான் வாங்கிக் கொடுக்கிறார்கள். பீரோ, கம்ப்யூட்டர், ஜெர்சி. மேலே பெயர் எழுதலாம், படம் எடுக்கலாம். கரண்ட் பில்லில் யார் பெயர் எழுத முடியும்? நான் பார்த்தவரை, மூடிப்போன கிளப்புகளில் பீரோ இருந்தது, கேரம் போர்டு இருந்தது. வாடகை பாக்கி இருந்தது. மாலை ஐந்து மணிக்கு வந்து கதவைத் திறந்து ஒன்பது மணிக்குப் பூட்டும் பெண்ணுக்கோ பையனுக்கோ கொடுக்க ஒன்றும் இல்லாமல் இருந்தது. அந்த நாலு மணி நேரம்தான் டவுன் பிள்ளைக்கு ஆபத்தான நேரம். பள்ளியும் முடிந்திருக்கும், வீட்டில் இடமும் இருக்காது. சும்மா கிடந்த மைதானங்கள் மணிக்கு வாடகை கேட்கும் டர்ஃப் ஆகிவிட்டன. போதைக்கு எதிராகக் கேரள அரசு விமுக்தி என்று ஒரு இயக்கமே நடத்துகிறது. பேரணியும் உறுதிமொழியும் வேண்டியதுதான். ஆனால் பேரணி கலைந்த பிறகு பையன் எங்கே போய் உட்காருவான் என்பதற்குத் திறந்திருக்கும் ஒரு அறைதான் பதில்.

மூணாறில் இது இன்னும் கூர்மையானது. எஸ்டேட் லயத்து வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த வீடு சொந்தமில்லை. அம்மாவோ அப்பாவோ ஓய்வு பெற்று, குடும்பத்தில் வேறு யாரும் எஸ்டேட் வேலையில் இல்லையென்றால் காலி செய்ய வேண்டியதுதான். அதனால் பதினெட்டு வயதில் ஒரு வேலை என்பது அவர்களுக்கு ஒரு கூரையும்தான். தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்று கேரள பிஎஸ்சி தனியாகவே எல்டி கிளார்க் பணிக்கு அறிவிப்பு விடுவதுண்டு. நம் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் வாயில் இருக்கிறது. எழுத்தில் பழக, பழைய கேள்வித்தாளை வைத்துக்கொண்டு யாராவது கூட உட்கார வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு மணி நேரம், ஒரு வாயனசாலை மேசை போதும்.

"அதனால ஒரே தடவையா பன்னெண்டாயிரம் குடுக்காத. மாசா மாசம் ஆயிரம் குடு, வங்கி மூலமாவே. எதுக்குச் செலவு பண்ணணும்னு நிபந்தனை போடாத. செலவு பண்ணின பிறகு கணக்கைக் காட்டச் சொல்லு. மூணு வருஷம் விடாம குடுக்க முடியும்னா மட்டும் ஆரம்பி. அவங்க அதை நம்பி அட்வான்ஸ் குடுத்து அறை எடுப்பாங்க. பாதியில நிறுத்தினா, குடுக்காம இருந்ததைவிட அதிகக் கஷ்டம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "எனக்குக் கணக்கு வரும் மாமா. எக்ஸெல்ல போட்டுக் குடுத்தா ஆடிட்டர் செலவு குறையுமில்ல?" என்றான்.

நான் அவனிடம் கேட்க நினைத்து, கேட்கக் கூச்சப்பட்டது அதுதான். வருஷக் கணக்கு முடிக்கும் மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் வந்து உட்கார்ந்தால், ஆயிரம் ரூபாயைவிட அது பெரிது.

சாயாக் காசை அவனே கொடுத்தான். பஸ் ஏறப் போனவனிடம், வாயனசாலையைப் பார்ப்பதென்றால் விழா நாளில் போகாதே என்றேன். வேலை நாளில், சாயங்காலம் ஆறரை மணிக்குப் போ. லைட் எரிகிறதா, உள்ளே எத்தனை செருப்பு கிடக்கிறது என்று முதலில் பார். அப்புறம் பதிவேட்டைக் கேள்.