ஆறு மாத விருந்தாளி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ் ஏறுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பஸ் புறப்பட்ட மாத்திரத்தில் எல்லாருடைய கண்களும் எதிரே நிற்கும் சேர்வராயன் மலைமேல் போய்விடும். குழந்தைகள் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணுவதற்கு விரல்களைத் தயார் செய்துகொள்ளும். பெரியவர்கள் தலைசுற்றலுக்குப் பயந்து எலுமிச்சம்பழத்தைக் கைப்பையில் தேடுவார்கள். ஆகையால், மலையடிவாரம் வருமுன் சாலையோரத்தில் பழைய நுழைவு வளைவு ஒன்று தன்னந்தனியாக நிற்பதை அநேகர் கவனிப்பதில்லை. நாமும் பல தடவை கவனியாமல்தான் போயிருக்கிறோம்.

அது மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் முகப்பு. திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் 1930-களின் நடுவில் அந்த ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். தமிழ் டாக்கி என்றால் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ மூட்டை கட்ட வேண்டியிருந்த காலத்தில், சேலத்திலேயே படம் பிடிக்கலாம் என்று அவர் காட்டினார். மலையாளத்தின் முதல் பேசும் படமான "பாலன்" 1938-இல் அவருடைய தயாரிப்பாகவே வெளிவந்தது. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் பிறந்த அந்த இடத்தில் இன்று ஸ்டூடியோ இல்லை, குடியிருப்புகள் வந்துவிட்டன. வாசல் மட்டும் இருக்கிறது.

சென்ற முறை அந்த வாசலைக் கடந்தபோது, அதன் வழியாக ஒரு காலத்தில் உள்ளே போய் வந்த ஓர் அந்நியரைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டோம். அவர் பெயர் எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் 1909-இல் பிறந்தவர். தமிழில் சரளமாக நாலு வாக்கியம் பேசத் தெரியாதவர். ஆனால், தமிழ்நாட்டார் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து மகிழ்ந்த படங்கள் பலவற்றுக்கு டைரக்டர் அவரே.

அவர் இந்தியாவுக்கு வந்த கதை சிநேகத்தில் ஆரம்பிக்கிறது. தெற்குக் கலிபோர்னியா சர்வகலாசாலையில் அவரோடு ஸினிமாக் கலை பயின்றவர் மாணிக்லால் டாண்டன் என்ற பம்பாய் வாலிபர். "என் தேசத்துக்கு வாருங்கள், சேர்ந்து படம் எடுக்கலாம்" என்பது டாண்டனுடைய அழைப்பின் சாரம். அமெரிக்காவிலோ அப்போது வியாபாரம் படுத்துப்போய், வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிக்கொண்டிருந்தது. டங்கனும், மைக்கேல் ஆர்மலேவ் என்ற மற்றொரு நண்பரும் 1935-இல் கப்பலேறி வந்து சேர்ந்தார்கள். டங்கனுக்கு வயது 26 கூட நிரம்பவில்லை. ஆறு மாதம் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது என்பது அவருடைய உத்தேசம்.

ஆர்மலேவ் பின்னர் ஊர் திரும்பினார். டங்கனுடைய ஆறு மாதமோ பதினைந்து வருஷமாயிற்று!

இந்த இடத்தில் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1935-இல் ஒரு வெள்ளைக்காரர் இந்தியாவில் இறங்கினால், அவர் யாராக இருக்கக்கூடும் என்பதை நம் முன்னோர்கள் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள். ஒன்று, கலெக்டர், அல்லது தோட்டத் துரை, அல்லது பாதிரியார். ஏற்காடே அதற்கு அத்தாட்சி. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பிச் செடியையும் பழ மரங்களையும் கொண்டுவந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் பங்களாக்களும் மாதா கோவில்களும் பள்ளிக்கூடங்களும் கட்டி, ஐயாயிரம் அடி உயரத்தில் தங்களுக்கென்று ஒரு சிறு ஐரோப்பாவை அமைத்துக்கொண்டார்கள். அவர்கள் நட்ட காப்பியை நாம் இன்றைக்கும் சந்தோஷமாகக் குடிக்கிறோம். அதில் நமக்கு வருத்தம் ஒன்றுமில்லை. எனினும், அவர்கள் இங்கே இருந்தது எஜமானர்களாக.

டங்கன் வந்ததோ வேலை தேடி. அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் நம்மவர்கள். அவர் எடுத்துக் கொடுத்தது நம்முடைய கதைகள். எஜமானராக வராத வெள்ளைக்காரரை நம் ஜனங்கள் எப்படி நடத்தினார்கள் என்பதற்கு அவருடைய வாழ்க்கை ஓர் உரைகல்.

முதலில் டாண்டனுடைய பெருந்தன்மையைச் சொல்ல வேண்டும். டாண்டன் அப்போது கே. பி. சுந்தராம்பாளைக் கொண்டு "பக்த நந்தனார்" எடுத்துக்கொண்டிருந்தார். அதில் சில காட்சிகளை எடுப்பதற்கு டங்கன் உதவி செய்தார். அதன் பிறகு, கோயம்புத்தூர் மருதாசலம் செட்டியார் "சதி லீலாவதி" என்ற படத்துக்காக டாண்டனை நாடியபோது, தமக்கு அவகாசம் இல்லையென்று சொல்லிய டாண்டன் தம் நண்பரைச் சிபார்சு செய்தார். தமிழ் தெரியாத ஒரு வெளிநாட்டு வாலிபரை நம்பித் தம் பணத்தைப் போட்ட செட்டியாருடைய தைரியத்தை என்னவென்று சொல்வது! எஸ். எஸ். வாசன் எழுதிய கதையான "சதி லீலாவதி" 1936-இல் வெளிவந்தது. அதிலே சிறிய போலீஸ் இன்ஸ்பெக்டர் வேஷத்தில் முதன்முதலாகத் திரையில் தோன்றினார் எம். ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர்.

பாஷை தெரியாமல் டைரக்டர் வேலை பார்ப்பது எப்படி? சம்பாஷணையின் பொருளை உதவியாளர்கள் அவருக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வார்கள். நடிகர்கள் சொல்வது சரிதானா என்பதை அவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள்; முகத்தில் வருவது சரிதானா என்பதை இவர் கண் கொண்டு பார்ப்பார். அந்தக் காலத்து டாக்கிகள் பெரும்பாலும் மேடை நாடகத்தின் எதிரில் காமிராவை நிறுத்திவைத்து எடுத்தவை போலவே இருந்தன. பாட்டுக்குப் பாட்டு, நின்ற இடத்தில் நின்று பாடிவிட்டுப் போவார்கள். பாட்டின் அர்த்தம் புரியாத டங்கனுக்கு, பார்ப்பதற்கு அங்கே ஏதாவது நடக்க வேண்டியிருந்தது. ஆகவே காமிராவை நகர்த்தினார். முகத்தின் அருகில் கொண்டுபோனார். பாஷை தெரியாத குறையே ஒரு விதத்தில் நம் படங்களுக்கு நன்மையாய் முடிந்தது என்பது நமது அபிப்பிராயம்.

பிறகு வந்தன தியாகராஜ பாகவதரின் "அம்பிகாபதி" (1937), எம். எஸ். சுப்புலக்ஷ்மியும் ஜி. என். பாலசுப்பிரமணியமும் நடித்த "சகுந்தலை" (1940), நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை நடித்த "காளமேகம்" (1940), அப்புறம் "மீரா" (1945). "மீரா"வுக்காக எம். எஸ். அவர்களின் முகத்தை உருவச் சிலையாகச் செய்துவைத்து, எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் எப்படி இருக்கிறதென்று பரீட்சை செய்து பார்த்த பிறகே படப்பிடிப்பைத் தொடங்கினார் என்பார்கள். மீராவைப் பற்றி அவருக்கு அதற்கு முன் என்ன தெரிந்திருக்கும்? ஆயினும், பக்தியை அந்தப் படத்தில் பார்த்தவர்கள், எடுத்தவர் நம் தேசத்தார் அல்லர் என்று சந்தேகிக்கவே இல்லை.

யுத்த காலத்தில் சென்னை அரசாங்கத்துக்காகச் செய்திப் படங்கள் எடுத்துவிட்டு, கடைசியில் டங்கன் சேலத்துக்கு வந்தார். மாடர்ன் தியேட்டர்ஸுக்காக "பொன்முடி", "மந்திரி குமாரி" ஆகிய இரண்டு படங்களை அவர் டைரக்ட் செய்தார். இரண்டும் 1950-இல் வெளிவந்தன.

அவரை அழைத்த சுந்தரத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமலிருக்க முடியாது. சுந்தரம் வாலிப வயதில் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் நெசவுத் தொழில் கற்றவர். ஆங்கிலப் பெண்மணியை மணந்து திரும்பியவர். குளிர் தேசத்தில், வேற்று முகங்களுக்கு நடுவில் தனியாக இருப்பது எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஸ்டூடியோவிலே அவர் கண்டிப்புக்குப் பேர் போனவர். அப்படிப்பட்டவருக்கும், அவரைவிட இரண்டு வயது இளையவரான அமெரிக்கருக்கும் ஒத்துப்போயிற்று என்றால், அதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாயிருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஒரு தடவையாவது பரதேசியாக இருந்து பார்த்தவனுக்குத்தான் பரதேசியின் மனம் தெரியும்.

"மந்திரி குமாரி"யில் ஒரு மலைக் காட்சி உண்டு. அது ஏற்காட்டு மலையில் எடுக்கப்பட்டதென்று சேலத்துக்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். "குண்டலகேசி"யில் வரும் சம்பவம் அது. புருஷன் தன் மனைவியை இனிமையாகப் பாடி அழைத்துக்கொண்டு மலை உச்சிக்கு ஏறுகிறான். அங்கிருந்து அவளைத் தள்ளிக் கொன்றுவிடுவது அவன் எண்ணம். அவளோ அவனை மூன்று முறை வலம் வர அநுமதி கேட்டு, வலம் வருகிற பாவனையில் அவனையே தள்ளிவிடுகிறாள். மு. கருணாநிதி எழுதிய வசனமும், ஜி. ராமநாதனின் சங்கீதமும் சேர்ந்து அந்தக் காட்சியை ஜனங்களின் மனத்தில் நிலைநாட்டிவிட்டன. வழியில் கூட வருகிறவனெல்லாம் வழித்துணை ஆகிவிட மாட்டான் என்பதை அதைவிட அழகாக யாரும் காட்டியதில்லை.

ஆனால், அந்தப் படம் எடுக்கப்பட்ட விதமோ நல்ல வழித்துணை என்பது என்னவென்று காட்டுகிறது. படம் முடிவதற்குள் டங்கன் தாயகம் திரும்ப வேண்டியதாயிற்று. எஞ்சியிருந்த பகுதிகளைச் சுந்தரமே எடுத்து முடித்தார். டங்கனுடைய பெயரை அவர் நீக்கிவிடவில்லை. ஒரு நண்பர் விட்டுக்கொடுத்த படத்தில் ஆரம்பித்த வேலை, மற்றொரு நண்பர் முடித்துக்கொடுத்த படத்தில் நிறைவு பெற்றது. முதல் படத்தில் சின்ன இன்ஸ்பெக்டராக வந்த அதே ராமச்சந்திரன் இந்தக் கடைசிப் படத்தில் கதாநாயகன்!

டங்கனிடம் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அவருடைய காதல் காட்சிகள் நம் குடும்பங்களுக்கு ஏற்றவை அல்லவென்று "பொன்முடி" வந்தபோது பலர் முகம் சுளித்தார்கள். பதினைந்து வருஷம் இந்த மண்ணின் உப்பைத் தின்றவர் இந்தப் பாஷையைக் கற்றிருக்கலாமே என்று கேட்பதும் நியாயந்தான். எனினும் சிநேகத்தை அவர் மறக்கவில்லை. 1952-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் கம்பெனி ஒன்றுடன் கூட்டாக எடுத்த "தி ஜங்கிள்" என்ற ஆங்கிலப் படத்திலும் அவருக்குப் பங்கு இருந்தது. 1990-களில், வயது எண்பதைத் தாண்டிய பிறகு, ஒரு முறை சென்னைக்கு வந்து பழைய நண்பர்களைப் பார்த்துவிட்டுப் போனார். 2001-இல் காலமானார். அவரைப் பற்றிக் கரண் பாலி என்பவர் 2013-இல் ஒரு டாகுமெண்டரி படம் எடுத்திருக்கிறார்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே நாம் இருபது வளைவுகளையும் ஏறி, ஏரிக்கரையில் இறங்கி, பக்கத்தில் இருந்த சிற்றுண்டிச் சாலைக்குள் போனோம். இலை போட வந்த பையன் முகத்தைப் பார்த்தவுடனேயே வடக்கத்தியப் பையன் என்று தெரிந்தது. எந்த ஊர் என்று கேட்டோம். "ஒரிஸா" என்றான். அவன் "தோசை, ஊத்தப்பம், ரவா" என்று ஒப்பித்தபோது, எங்களுக்குப் பக்கத்து மேஜையில் இருந்த ஒரு கனவான், "தமிழ் தெரியாதவனையெல்லாம் வேலைக்கு வைத்தால் இப்படித்தான்" என்று உரக்கச் சொன்னார். அவர் கேட்டது பொங்கல், வந்தது பூரி.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளேயிருந்து வயதான சமையற்காரர் கரண்டியோடு வெளியே வந்தார். "பூரியை இங்கே கொடுடா தம்பி" என்று வாங்கிக்கொண்டு, "இது பூரி. அது பொங்கல். பொ-ங்-க-ல். எங்கே, சொல்லு" என்றார். பையன் சொன்னான். "சாமி, இன்னொரு தடவை அவனிடமே கேளுங்கள்" என்று கனவானைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கனவானும் கேட்டார். இந்தத் தடவை பொங்கலே வந்தது.

நம் வீடுகளில் இன்று பலவற்றில் ஒரு பிள்ளையோ பெண்ணோ கடல் கடந்து இருக்கிறார்கள். இரண்டு வருஷம் என்று போனவர்கள் பத்து வருஷமாகத் திரும்பாமல் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் பேசும்போது, "சாப்பிட்டாயா?" என்பதற்கு அடுத்தபடி நாம் கேட்கிற கேள்வி, "அங்கே உனக்குச் சிநேகிதர்கள் இருக்கிறார்களா?" என்பதுதான். இருக்கிறார்கள் என்று பதில் வந்தால் அன்று இரவு நிம்மதியாகத் தூங்குகிறோம். ஒரிஸாவில் இருக்கிற அந்தப் பையனுடைய தாயாரும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். அவளுக்கு அவன் என்ன பதில் சொல்வான் என்பது நம் கையில் இருக்கிறது.

சாயங்காலம் மலையிலிருந்து இறங்கும்போது, சேலத்து விளக்குகள் கீழே ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தன. அடிவாரத்தைக் கடந்ததும், இந்தத் தடவை நாம் ஜன்னல் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து, அந்தப் பழைய வளைவைத் தேடிப் பார்த்தோம். கதவு இல்லாத வாசல் அது. உள்ளே வருகிறவரை யார் என்று கேட்பதற்கு இப்போது அங்கே ஆள் இல்லை. கேட்காமலே உள்ளே விட்ட காலம் ஒன்று இருந்தது என்பதை மட்டும் நினைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.