விண்ணரசு எதை ஒக்கும்?

உவமை என்றதும் முகத்துக்கு மதியும் கண்ணுக்குக் கயலும் நம் நினைவில் வந்து நிற்கும். ஆனால் தொல்காப்பியர் உவமை தோன்றும் வகையை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுக்கையில் வினையையே முதலில் வைத்தார். மெய் என்பது வடிவம். உரு என்பது நிறம். ஒருவன் புலிபோலப் பாய்ந்தான் என்றால் அவனுக்கு வரியும் வாலும் உண்டோ என்று எவரும் வினவுவதில்லை. பாய்ச்சல் ஒன்றே அங்கு பொதுத்தன்மை. கிறிஸ்தவ வேதத்தில் விண்ணரசு பற்றி வரும் உவமைகளைப் படிக்கப் புகுவோருக்கு இந்த வேறுபாடு பெரிதும் கைகொடுக்கும். அவை பெரும்பாலும் வினையுவமைகள் என்பதே என் கருத்து.

முதலில் சொல்லைக் கவனிப்போம். நற்செய்தியாளர் நால்வருள் 'விண்ணரசு' என்ற தொடரை ஆள்பவர் மத்தேயு ஒருவரே. மாற்கும் லூக்காவும் 'இறையாட்சி' என்பார்கள். பொருள் ஒன்றுதான். இறைவனின் பெயரை வாயாற் சொல்லக் கூசும் யூத மரபையொட்டி மத்தேயு 'விண்' என்றார் என்பர். கணவன் பெயரைச் சொல்லாது 'இஞ்சாருங்கோ' என்றழைத்த நம் அம்மம்மாமாரின் வழக்கை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கிரேக்க மூலத்திலுள்ள 'பசிலேயா' என்ற சொல்லும் நாடு என்பதைவிட ஆளுகை என்பதையே முதன்மையாகக் குறிக்கும். பழைய மொழிபெயர்ப்பின் 'பரலோகராஜ்யம்' மேலே எங்கோ உள்ள ஓர் ஊரை நினைவூட்டுகிறது. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ஆளும் 'இறையாட்சி' என்ற சொல் மூலக் கருத்துக்கு நெருக்கமானது. யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். ஆதலால் இத்தகைய சொல்லாராய்ச்சி சைவத் தமிழாசிரியருக்குப் புதிதன்று.

மத்தேயு நற்செய்தியின் 13 ஆம் அதிகாரத்தில் இவ்வுவமைகள் நிரையாக வருகின்றன. அங்கே பொன் வீதியோ முத்து வாயிலோ இல்லை. விதைப்பவன் விதைக்கிறான், கடுகு முளைக்கிறது, மா புளிக்கிறது, வலை கடலில் வீசப்படுகிறது. எல்லாமே நிகழ்ச்சிகள். விண்ணரசு ஒரு வணிகனை ஒக்கும் என்று வருமிடத்தில், ஒப்பு வணிகனுக்கு அன்று. நல்முத்து ஒன்றைக் கண்டதும் உள்ளதெல்லாம் விற்று அதை வாங்கினானே, அந்தச் செயலுக்கே ஒப்பு. பிறருடைய நிலத்திற் புதையலைக் கண்டவன் அதை மீண்டும் மறைத்துவிட்டு அந்நிலத்தை வாங்குகிறான். 'காணிக்காரனிடம் சொல்லாமல் வாங்கியது முறையா?' என்று வகுப்பில் மாணவர் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். ஆயினும் புலிக்கு வாலைத் தேடுகின்ற கேள்வி அது. மனுமகனின் வருகை இரவில் வரும் திருடனோடு ஒப்பிடப்படுவதும் இவ்வாறே. எதிர்பாராமை ஒன்றே அங்கு பொது.

புளித்த மாவின் உவமை ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் கேட்டவர்களை அது திடுக்கிட வைத்திருக்கும். பாஸ்காத் திருநாளில் வீட்டிலுள்ள புளித்த மாவை முற்றாக அகற்றுவது யூதர் வழக்கம். இயேசுபிரானே பிறிதோரிடத்தில் பரிசேயரின் போதனையைப் புளித்த மா என்று எச்சரிக்கிறார். அவ்வாறு விலக்கப்படும் பொருளையே விண்ணரசுக்கு உவமையாக்குகிறார். அப்பெண் எடுத்த மாவும் ஒரு குடும்பத்துக்கானதன்று. நூறு பேருக்கு மேல் அப்பம் சுடலாம் என்பது உரையாசிரியர்களின் கணக்கு. கண்ணுக்குத் தெரியாமல், சத்தமில்லாமல், முழுவதையும் மாற்றிவிடும் வினை அது.

களைகளின் உவமை வயல் தெரிந்த நம்மவர்க்கு விளக்கம் வேண்டாதது. கோதுமையினிடையே முளைத்த களை, கதிர் வரும்வரை கோதுமை போலவே தோன்றும், வேரும் பின்னிக்கிடக்கும். பிடுங்கப் புறப்பட்ட பணியாளரைத் தலைவன் தடுத்துவிடுகிறான்.

கணக்கு வழக்கில் இறங்கும் உவமைகளே கூர்மையானவை. மன்னிக்க மறுத்த பணியாளனின் கதை 18 ஆம் அதிகாரத்தில் வருகிறது. அவன் அரசனுக்குப் பட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒருநாட் சம்பளம். ஆகவே அவன் கடன் 6 கோடி நாட் கூலி. நாள் தவறாது உழைத்தாலும் 1,60,000 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். 'பொறுத்தருளும், எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிறேன்' என்று அவன் மன்றாடுவது நகைப்புக்குரியது. அரசனோ முழுவதையும் தள்ளிவிடுகிறான். வெளியே வந்தவன் தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய உடன்பணியாளனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஆறு இலட்சத்தில் ஒரு பங்கு! எண்களை அறியாது படிப்போர்க்கு இக்கதையின் பாதி கிடைப்பதில்லை.

ஆனால் நம்மைப் போன்றோர்க்கு உண்மையில் இடறலாவது 20 ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்டம்தான். விடியற்காலையில் ஒரு தெனாரியம் பேசிச் சிலர் வேலைக்கமர்த்தப்படுகின்றனர். பின்னர் 9 மணிக்கும், நண்பகலிலும், 3 மணிக்கும், கடைசியாக 5 மணிக்கும் வேறு சிலர். மாலையில் எல்லோருக்கும் ஒரே தெனாரியம். கதையின் நுட்பம் கூலி கொடுத்த வரிசையில் இருக்கிறது. முந்தி வந்தவர்களுக்கு முதலிற் கொடுத்திருந்தால் அவர்கள் மகிழ்ந்து வீடு சென்றிருப்பர். பிந்தி வந்தோர்க்கு முதலிற் கொடுத்து, மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கவைக்கிறார் தோட்டக்காரர்.

விதைத்ததையே அறுப்போம் என்று வினைக்கொள்கையில் ஊறியவர்களுக்கு இது அநீதியாகவே படும். ஆனால் சைவத்திலும் அருள் கணக்குப் பார்ப்பதில்லை. பல்லாண்டு ஆகம வழி பூசித்த சிவகோசரியாரிருக்க, ஆறே நாளில் கண்ணப்பருக்கு அருள் கிடைத்ததைப் பெரியபுராணம் பாடுகிறது. ஒப்பு இவ்வளவோடு நின்றுவிடும். கண்ணப்பரிடம் கண்ணையே இடந்தப்பும் அன்பு இருந்தது. ஐந்து மணிக்கு வந்தவர்களிடம் அப்படி ஒன்றும் சொல்லப்படவில்லை. ஏன் நாள் முழுதும் நிற்கிறீர்கள் என்று கேட்டபோது, எங்களை ஒருவரும் கூலிக்கு அழைக்கவில்லை என்றார்கள். அவ்வளவுதான். நாட்கூலிக்காரனின் வீட்டில் ஒரு தெனாரியத்துக்குக் குறைந்தால் அன்று உலை வைப்பது கடினம் என்பது தோட்டக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேளைகள் ஐந்தும் மனித வாழ்வின் பருவங்கள் என்று புனித அகுஸ்தீனார் விளக்கினார். முந்தியோர் யூதர், பிந்தியோர் பிற இனத்தார் என்பாரும் உளர். ஆளுக்கு ஆள் பெயர் சூட்டும் இவ்விளக்கங்கள் எனக்கு அத்துணை உவப்பானவையல்ல. முதலில் வந்தவன் யார் என்று தீர்மானித்துவிட்டால், அவன் நானல்லன் என்று கேட்பவன் ஆறுதலடைந்துவிடுவான்.

தோட்டக்காரர் முணுமுணுத்தவனைக் கடிந்துகொள்ளவில்லை. தோழனே என்றுதான் விளிக்கிறார். பேசிய கூலியைக் குறைத்தேனா, நான் நல்லவனாயிருப்பது உனக்குப் பொறாமையா என்று கேட்கிறார். அவன் என்ன மறுமொழி சொன்னான், காசை எடுத்துக்கொண்டு எந்த மனத்தோடு வீடு சென்றான் என்பதை மத்தேயு எழுதவில்லை.