‘பவர்’ என்பதும் ‘அத்தாரிட்டி’ என்பதும்

பஞ்சாயத்துச் சட்டத்தின் ஆங்கில மூலத்தில் ‘பவர்’, ‘அத்தாரிட்டி’ என்னும் இரு சொற்கள் அடிக்கடி வருகின்றன. தமிழில் இரண்டையுமே ‘அதிகாரம்’ என்று எழுதிவிடுகிறோம். சொல் ஒன்றாகிவிடவே பொருளும் ஒன்றெனப் பலரும் கருதிவிடுகின்றனர். ஆனால் 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 40-ஆவது பிரிவு, பஞ்சாயத்துகள் தன்னாட்சி அமைப்புகளாக இயங்குவதற்கு இவ்விரண்டையும் அளித்தல் வேண்டும் என்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தமும் இரண்டையும் சேர்த்தே கூறுகிறது.

‘பவர்’ என்பது ஒன்றைச் செய்து முடிக்கும் வல்லமை. சட்டத்தில், இன்ன காரியத்தைச் செய்யலாம் என்று குறித்துக் கொடுத்த உரிமை. ‘அத்தாரிட்டி’ என்பதோ ஆணையிடுவதற்கும், அவ்வாணையைப் பிறர் ஏற்பதற்கும் உரிய தகுதி. (வழக்கறிஞர்களே சில வேளை ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஆள்வதுண்டு.) ஆள் பலமுள்ள ஒருவர் இரவோடிரவாக ஏரி மதகைத் திறந்துவிடலாம். அவரிடம் இருப்பது வல்லமையே. திறக்கச் சொல்லும் தகுதியன்று.

திருத்தணியின் வரலாறே இதற்குச் சான்று. வட எல்லைக்காக ம.பொ.சிவஞானம் அவர்கள் தலைமையில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். எல்லைத் தகராற்றை ஆராய்ந்து பரிந்துரை வழங்கப் படாஸ்கர் அமர்த்தப்பட்டார். அவர் சொல்லுக்கு இரு மாநிலங்களிலும் மதிப்பு இருந்தது. எனினும் ஓர் ஊரைக்கூட இடம் மாற்றும் ‘பவர்’ அவருக்கில்லை. மாநில எல்லையை மாற்றும் ‘பவர்’ அரசியலமைப்பின் 3-ஆவது பிரிவின்படி பாராளுமன்றத்திற்கே உரியது. 1959-இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றிய பின்னரே, 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, கிராம ஊராட்சியில் ‘எக்சிகியூடிவ் அத்தாரிட்டி’ ஊராட்சித் தலைவரே ஆவார். இதைக் கண்டதும், “தலைவருக்கே எல்லாம் உண்டு, தீர்மானம் எதற்கு?” என்று கேட்போர் உளர். கேள்வி தவறான இடத்தில் பிறக்கிறது. ஊராட்சியின் சார்பில் நிறைவேற்றும் தகுதி தலைவருடையது. எதை நிறைவேற்றுவது என்பதை முடிவு செய்யும் ‘பவர்’ பெரும்பாலும் மன்றத்தினுடையது. ஊராட்சி நிதியிலிருந்து வழங்கும் காசோலையில்கூடத் தலைவரோடு துணைத் தலைவரும் கையொப்பமிட வேண்டும் என்றே வகுத்திருக்கிறார்கள். ஆகவே, கையொப்பமிடுமாறு துணைத் தலைவரிடம் காசோலை வரும்போது, அந்தச் செலவுக்குரிய தீர்மானம் எங்கே என்று அவர் கேட்பது தலைவரை அவமதிப்பதாகாது.